ஒரே பெயரில் பல படங்களும் சீரியல்களும் ஏன்? வேறு பெயரே கிடைக்காதா?

கேட்டவர் ஏதோ படத்தைத் தேடப் போய் சீரியலில் மாட்டிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் அதுதான் நடந்தது.

சட்டம் தடுக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றமே 2015-ல் ஒரு இந்திப் பட வழக்கில் சொல்லிவிட்டது. தயாரிப்பாளர் சங்கங்களில் தலைப்பைப் பதிவு செய்கிறார்களே என்றால், அது தொழிலுக்குள் அவர்களே வைத்துக்கொண்ட ஏற்பாடு. 'பில்லா' மாதிரி பழைய கதையையே திரும்ப எடுத்தால் பெயரும் கூட வருவது நியாயம். 'பொல்லாதவன்' (1980, 2007), 'படிக்காதவன்' (1985, 2009) எல்லாம் அப்படியில்லை. பெயர் மட்டும்தான் ரஜினி படத்துடையது, தனுஷ் படத்தின் கதை வேறு. தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி இல்லை என்று 2006-ல் அரசு அறிவித்ததும் பழைய பெயர்களுக்கு மவுசைக் கூட்டியிருக்கும் என்பது என் கணிப்பு.

சரி, எங்கள் கதை. அம்மாவுக்கு 'எதிர்நீச்சல்' பார்க்க வேண்டும். பாலசந்தர் எடுத்த 1968 படம். அக்கா மகன் ரிமோட்டில் பெயரைச் சொன்னான். வந்தது 2022-ல் சன் டிவியில் தொடங்கிய சீரியல். ஆதி குணசேகரன் வீட்டுப் பெண்களை மிரட்டிக்கொண்டிருந்தார்.

"மாடிப்படி மாது எங்கடா?" என்றார் அம்மா.

அடுத்து வந்தது 2013 படம். சிவகார்த்திகேயன் மாரத்தான் ஓடினார். "இவன் எதுக்குடா ஓடுறான்?"

மாதுவாக நடித்த நாகேஷ் பெயரையும் சேர்த்துச் சொன்ன பிறகுதான் சரியான படம் வந்தது. நீங்களும் நடிகர் பெயரையோ ஆண்டையோ சேர்த்துத் தேடுங்கள்.

சீரியல் பார்க்கிறவர்களை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 'எதிர்நீச்சல்' சீரியலை இயக்கிய திருச்செல்வத்தின் இன்னொரு சீரியல் 'கோலங்கள்' ஓடிய காலத்தில் நானும் அந்த நேரத்துக்கு வீட்டை விட்டு நகர்ந்ததில்லை. அதுவும் 1995-லேயே ஒரு படத்துக்கு வைத்த பெயர்தான்! யார் வேண்டுமானாலும் எந்தப் பெயரையும் வைத்துக்கொள்ளட்டும். பழைய படம் தேடலின் அடியில் போய்ப் புதைந்துவிடுகிறது என்பதுதான் என் வருத்தம்.

அப்படித் தோண்டி எடுத்ததாவது ஒழுங்காக இருந்ததா? ஏதோ டிவியில் ஓடியபோது பிடித்த பிரதி போல, மூலையில் சேனல் முத்திரை. எழுத்துப் போடும் பகுதி பாதியில் ஆரம்பித்தது. அதைக்கூட விட்டுவிடலாம். ஸ்ரீகாந்தும் சௌகார் ஜானகியும் வரும் 'அடுத்தாத்து அம்புஜத்தைப் பார்த்தேளா' பாட்டையே வெட்டியிருந்தார்கள். அம்மா படம் கேட்டதே அந்தப் பாட்டுக்காகத்தான். விளம்பரத்துக்கு இடம் வேண்டுமென்றால் இவர்கள் கத்திரி முதலில் போவது பாட்டுக்குத்தான்.

பாட்டோடு முழுப் படமும் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள். தலைப்பு விவாதத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.