முதலில் நிரவட்டும், பிறகு வகுக்கட்டும்

கேள்வி: கடலூர் முதுநகர் அருகே ஒரு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறேன். சராசரி கேட்டால் பிள்ளைகள் கூட்டி வகுத்துச் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். ‘சராசரி 4 என்றால் என்ன?’ என்று கேட்டால் விழிக்கிறார்கள். என்ன செய்யலாம்?
– ஓர் ஆசிரியை

பதில்: விழிக்காமல் என்ன செய்வார்கள், அம்மா! நானும் பல ஆண்டுகள் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் பாடத்தையே தொடங்கினேன். ஒருநாள் ஐந்து நாள் மீன் கணக்கு ஒன்றில், ஒரு பையன் மீன்பாடு இல்லாத நாளை விட்டுவிட்டு நான்கால் வகுத்தான். ‘அன்றைக்குத்தான் ஒன்றுமே இல்லையே, சார்?’ என்றான். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

சாக்பீஸைக் கீழே வையுங்கள். ஆளுக்கு ஒரு பிடி புளியங்கொட்டை கொண்டுவரச் சொல்லுங்கள். தேவனாம்பட்டினத்துப் படகு ஒன்றுக்கு ஐந்து நாளில் கிடைத்த மீன் 2, 3, 7, 0, 8 கூடை என்று வைத்துக்கொள்வோம். தரையில் ஐந்து வட்டம், கூடைக்கு ஒரு கொட்டை. பெரிய குவியலிலிருந்து எடுத்துச் சிறியதில் போட்டு நிரவட்டும். எல்லாம் 4 ஆகிவிடும். காலி வட்டமும் 4 வாங்கிக்கொள்ளும். பூச்சியத்தை ஏன் விடக் கூடாது என்று அதன்பின் தொண்டை வறளப் பேச வேண்டியதில்லை. கூட்டி 5 ஆல் வகுப்பது இதற்குக் குறுக்குவழி என்று அப்போது சொல்லுங்கள்.

அடுத்த படகுக்கு 4, 5, 3, 4, 4. சராசரி இதற்கும் 4 தான். ‘எந்தப் படகில் தொழிலுக்குப் போவாய்?’ என்று கேட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். மீனவர் வீட்டுப் பிள்ளைகள் இருந்தால் வகுப்பு அமளிப்படும், படட்டும். முதல் படகை நிரவ 7 கொட்டைகள் இடம் மாறின. இரண்டாவதற்கு ஒன்றே ஒன்று. எண்கள் சராசரியை விட்டு எவ்வளவு விலகிக் கிடக்கின்றன என்பதுதான் சிதறல்; அதைக் கையாலேயே எண்ணிவிட்டார்கள்! சிதறல் அளவைகள் பத்தாம் வகுப்புப் பாடமாயிற்றே என்று தயங்காதீர்கள். வீச்சுக்குப் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்தால் போதும்: முதல் படகுக்கு 8, அடுத்ததற்கு 2. ஆனால் வீச்சு இரண்டு ஓரங்களை மட்டுமே பார்க்கும். 0, 4, 4, 4, 8 என்று அடுக்கிப் பாருங்கள்; வீச்சு அதே 8, நகர்வதோ 4 கொட்டைகள்.

இடைநிலை அளவு கேட்டால் முதல் படகில் நடுவில் நிற்கும் 7 ஐச் சொல்வார்கள். சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி நடுவில் வருவதைத்தான் எடுக்க வேண்டும்; அது 3. முகடு என்பது அதிக முறை வரும் எண்; அதற்குச் செருப்புக் கடையில் அதிகம் விற்கும் அளவைச் சொன்னால் முடிந்தது.

கடைசியாக ஒரு வீட்டுப்பாடம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஒரு நாள் வருமானத்தின் சராசரிக்கு ஆண்டு வருமானத்தை 365 ஆல் வகுப்பதா, 304 ஆலா? அம்மாவிடமும் அப்பாவிடமும் தனித்தனியாகக் கேட்டு வரட்டும். வீட்டுச் செலவைப் பார்ப்பவர் 365 என்பார், படகைப் பார்ப்பவர் 304 என்பார். இரண்டுக்கும் சரி போடுங்கள்.