கைதான் முதலில் வந்தது

கேள்வி: வேலை போய் ஐந்து மாதம் ஆகிறது. கடன் கழுத்தை நெரிக்கிறது. ‘விசுவாசம் இருந்தால் துன்பக் கடலைத் தைரியமாகத் தாண்டிவிடலாம்’ என்கிறார்கள் எங்கள் ஜெபக்கூட்டத்தில். தாண்ட முடியாத எனக்கு விசுவாசம் குறைவா? (வாசகர், தண்டையார்பேட்டை)

பதில்: கடலை இப்படி எடுத்து வீசுகிறவர்கள்மீது எனக்குத் தீராத கோபம் உண்டு. காசிமேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ‘துன்பக் கடலைத் தாண்டு’ என்கிறார்களே! அங்கே யார் கடலைத் தாண்டுகிறார்கள்? போய், வலையிழுத்து, கரைக்குத் திரும்புகிறார்கள். மறுநாளும் அதே கடலுக்குத்தான் போகிறார்கள்.

காசிமேட்டை அடுத்த ராயபுரம் எந்த ராயரின் ஊர் என்று இன்னமும் எனக்குக் கடிதம் வருகிறது. எந்த ராயரும் இல்லை. இராயப்பர் என்பது இயேசுவின் சீடர் பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கிய பெயர். படகோட்டிகள் கட்டிய அவருடைய கோயில் இன்றும் அங்கே நிற்கிறது. 1995-இல் வந்த பைபிளின் பொது மொழிபெயர்ப்பு கத்தோலிக்கரிடமிருந்து இராயப்பரையும், மற்றச் சபையாரிடமிருந்து ‘திடன்கொள்ளுங்கள்’ என்ற சொல்லையும் ஒன்றாகப் பறித்துக்கொண்டது. அதில் பேதுரு என்றும் ‘துணிவோடிருங்கள்’ என்றும் இருக்கிறது. அந்த மாற்றத்தை நான் மன்னிக்கவில்லை. துணிவு என்றால் பாய்வதற்கு. புயலில் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்கு வேண்டியது திடன்.

அந்தச் சொல்லை, தண்ணீர்மேல் நடந்து வந்த இயேசு, புயலில் சிக்கிய படகில் இருந்த சீடர்களுக்குத்தான் சொன்னார். அதைக் கேட்டுத்தான் இராயப்பர் தண்ணீரில் இறங்கினார். நடந்தார், காற்றைப் பார்த்தார், அமிழ்ந்தார். அவர் மீனவர், நீந்தத் தெரிந்தவர். பின்னொரு நாள் படகிலிருந்து கடலில் குதித்தே கரை சேர்ந்தவர். அப்படிப்பட்டவர் அன்று ‘ஆண்டவரே, என்னை இரட்சியும்’ என்று கத்தினார். உடனே இயேசுவின் கை நீண்டது. ‘அற்பவிசுவாசியே’ என்ற கண்டிப்பு, கையைப் பிடித்த பிறகு வந்தது. உங்கள் ஜெபக்கூட்டத்தார் கண்டிப்பை முதலில் கொடுத்துவிட்டுக் கையைப் பைக்குள் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது, மீனவர்கள் படகில் போய் அதைக் கையாலும் வாளியாலும் அள்ளினார்கள். அள்ளிக்கொண்டே ஊர் கேட்கக் கத்தவும் செய்தார்கள். அவர்களில் கோயிலுக்குப் போகிறவர்களும் இருந்தார்கள், தேவாலயத்துக்குப் போகிறவர்களும் இருந்தார்கள். அவர்கள் கத்தியதை நம்பிக்கைக் குறைவு என்று எவராவது சொல்லியிருந்தால் அவரோடு நான் சண்டைக்கே போயிருப்பேன்.

உங்களுக்கு விசுவாசம் குறைவில்லை. ஐந்து மாதமாக மூழ்கிக்கொண்டே ஜெபிக்கப் போகிறீர்கள். அதற்குப் பெயர்தான் திடன். ஆனால் இதுவரை நீங்கள் கத்தவில்லை. வருகிற கூட்டத்தில் சாட்சி சொல்ல எழுந்திருக்கும்போது கடன் தொகையை ரூபாய்க் கணக்கில் சொல்லுங்கள். யாரிடம் வேலை இருக்கிறது, யார் எவ்வளவு கைமாற்றுத் தருவார்கள் என்று அங்கேயே கேளுங்கள்.