கவுனி சாயாமல் நிற்க என்ன படிக்கலாம்?

ஆச்சி,

"எல்லாப் பிள்ளைகளும் கம்ப்யூட்டர்ல சேருதுக, இவ மட்டும் நெல்லைக் குட்டையாக்கணுங்கிறா"ன்னு அலுத்துக்கிட்டீக. உங்கள் மகள் என்னிடம் சொன்னதையும் கேளுங்கள். தை அறுப்பு நேரத்து மழையில் உங்கள் பங்காளி வயலில் கவுனி, நம் கறுப்பரிசி நெல், அப்படியே படுத்துவிட்டதாம். ஒரு கதிரைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள்; மணியெல்லாம் ஈரத்தில் முளைவிட்டிருந்ததாம். நம் வீட்டு விசேஷம் எதுவும் கவுனி அரிசி இல்லாமல் நடக்காது. அவள் ஆசை அங்கே பிடித்தது.

நெட்டை நெல்லைக் குட்டையாக்கிச் சாயாமல் நிறுத்துவது எப்படி என்ற கேள்வி பழசுதான். தைவானின் குட்டை நெல்லை இந்தோனேசியாவின் 'பேட்டா' நெல்லோடு சேர்த்துப் பிறந்தது ஐ.ஆர்.8, பிலிப்பைன்ஸில் 1966-ல் வெளியானது. அந்தக் குட்டை நெல்லில் எஸ்.டி.1 என்ற மரபணு பழுதுபட்டிருக்கும். தண்டை நீட்டுகிற ஜிப்பெரலின் என்ற ஹார்மோன் குறைவாகச் சுரக்கும். உரம் வைத்தாலும் பயிர் லேசில் சாயாது.

அந்தக் குணத்தைக் கவுனிக்குக் கொண்டுவர ஒரு வழி கலப்பினம். நெல்பூவின் நுனியைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் எடுத்து, கதிருக்கு உறை மாட்டி, மறுநாள் காலை குட்டை நெல்லின் மகரந்தத்தை அதன்மேல் உதற வேண்டும். பிறகு ஆறேழு தலைமுறைக்குப் பொறுக்கியெடுக்கும் வேலை. குட்டையோடு வேண்டாத குணங்களும் ஒட்டிக்கொண்டு வரும், கவுனியின் கறுப்பு போய்விடக் கூடாதே! இன்னொரு வழி, மரபணுவைக் குறிபார்த்து வெட்டும் கிரிஸ்பர் என்ற கருவி: கவுனியின் சொந்த எஸ்.டி.1-ஐ மட்டும் வெட்டிச் செயலிழக்கச் செய்வது. இத்தகைய திருத்தத்துக்கு 2022-லேயே இந்தியா விதிகளைத் தளர்த்திவிட்டது. 2025 மே மாதம் இப்படித் திருத்திய இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார்கள். ஒன்று சம்பா மசூரியிலிருந்து வந்த 'கமலா'. அவை குட்டைக்காகச் செய்தவை அல்ல, ஆனால் கருவி அதேதான்.

வெட்டியதோடு வேலை முடியாது. திருத்திய செடியும் வயலில் பல பருவம் தேற வேண்டும். அதனால் 'ஜெனடிக் இன்ஜினியரிங்' என்று பெயர்ப்பலகை மாட்டிய படிப்பில் இப்போதே சேர்க்காதீர்கள். நாற்று பிடிக்காமலே பட்டம் வாங்கி வந்து நிற்பாள். நான்கு வருட பி.எஸ்சி. வேளாண்மைதான் என் யோசனை. நீட் கிடையாது, பிளஸ் டூ மார்க் போதும். செட்டிநாட்டிலேயே அரசு வேளாண் கல்லூரி இருக்கிறது. முதுகலையில் மரபியலும் பயிர் இனப்பெருக்கமும் எடுத்து, மரபணுத் திருத்தத்தை அங்கே கற்றுக்கொள்ளட்டும். அதற்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தைக் குறிவைக்கலாம். 1912-லிருந்து நெல் ஆராய்ச்சி நடக்கும் இடம். 'கோ 57' என்ற கருப்பு அரிசி ரகம் அந்தப் பல்கலைக்கழகம் தந்ததுதான்.

வேலையையும் சொல்லிவிடுகிறேன். விஞ்ஞானி ஆக முனைவர் பட்டம் வேண்டும், மொத்தம் ஒன்பது பத்து வருடம் ஆகும். நடுவில் நிறுத்தினாலும் வேளாண்மை அலுவலர் தேர்வு, வங்கி வேளாண் அதிகாரி, விதைக் கம்பெனி என்று கதவுகள் உண்டு.

"வெயில்ல கறுத்துப் போவாளே"ன்னீக. கவுனியே கறுப்புதானே ஆச்சி!

சனிக்கிழமை மார்க் பட்டியலோடு அவளையும் கூட்டிக்கிட்டு வாங்க. அந்த முளைவிட்ட கதிரை இன்னும் வைத்திருக்கிறாளாம், அதையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.