லத்தீன் தெரியாமல் கிரிகோரியன் இசையில் மேற்படிப்பு படிக்கலாமா?

கேள்வி: இசையில் இளங்கலை முடித்திருக்கிறேன். இடைக்காலத் தேவாலயப் பாடல்களில், குறிப்பாக கிரிகோரியன் இசையில், ஆராய்ச்சி செய்ய ஆசை. லத்தீன் தெரியாது. ‘லத்தீனெல்லாம் வேண்டாம், இசையியல் முதுகலையில் இடம் வாங்கித் தருகிறோம்’ என்று ஓர் ஏஜென்சி பணம் கேட்கிறது. நம்பலாமா?

பதில்: வேண்டாம். இடம் கிடைத்தாலும் கிடைக்கும். சேர்ந்த பிறகு எதை வைத்துப் படிப்பீர்கள்?

சுவிட்சர்லாந்தின் செயின்ட் கேலன் மடாலய நூலகத்தில் 359 என்ற எண்ணுள்ள, கிரிகோரியன் பாடல்களை லத்தீனில் எழுதிய சுவடி இருக்கிறது. 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியது. அதில் ஸ்வரக் கோடுகளே கிடையாது. சொற்களுக்கு மேலே சின்னச் சின்னக் கீற்றுகள் மட்டும்தான். இவற்றை நியூம் என்பார்கள். குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அவை காட்டும். எந்த ஸ்வரம் என்று சொல்லாது. மெட்டு பாடுபவரின் மனப்பாடத்தில் இருந்தது. கீற்றுகளின் அருகே ‘சி’ (c), ‘டி’ (t) என்ற எழுத்துகள் வரும். ‘விரைவாக’, ‘நிறுத்திப் பாடு’ என்று பொருள்படும் லத்தீன் சொற்களின் முதலெழுத்துகள் அவை. மொழி தெரியாதவருக்கு வெறும் கிறுக்கல்.

அதற்காக மலைக்காதீர்கள். லத்தீனில் பேச வேண்டியதில்லை. பாடல்களின் சொற்களில் பெரும்பகுதி விவிலியத்தின் திருப்பாடல்களிலிருந்து வந்தவை. அதே சொற்கள் திரும்பத் திரும்ப வரும். தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் ஓராண்டில் கணிசமாகப் பிடிபடும்.

ஒரே ஒரு விலக்கு உண்டு, அதையும் ஏஜென்சிக்காரர் திரித்துச் சொல்லிவிடுவார். பைசாந்திய மரபை, அதாவது கிரேக்க மொழித் தேவாலய இசையை, எடுத்துக்கொண்டால் லத்தீனுக்குப் பதில் கிரேக்கம். அங்கே 12-ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தைய குறியீடு இசை இடைவெளிகளைத் துல்லியமாகச் சொல்லும், முந்தையது அப்படியல்ல. ஆக, மொழி மாறுமே தவிர, மொழிப் படிப்பு தப்பாது.

ஏஜென்சிகள் பலவற்றுக்கும் தாங்கள் ஒப்பந்தம் போட்டிருக்கும் பல்கலைக்கழகங்களிலிருந்து கமிஷன் வருகிறது. அந்தப் பட்டியலைத்தான் உங்களிடம் நீட்டுவார்கள். ‘இசையியல்’ என்ற பலகைக்குப் பின்னால் திரையிசையும் பாப் இசையும் மட்டுமே நடத்தும் துறைகள் உண்டு. பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்காதீர்கள். சுவடி படிக்கத் தெரிந்த பேராசிரியர் அங்கே இப்போது பணியில் இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் ஓய்வுபெற்றால் பல இடங்களில் அந்தப் பாடமே போய்விடும். அவருக்கு நீங்களே அரைப்பக்க மின்னஞ்சல் எழுதுங்கள். ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று ஏஜென்சி எழுதித் தரும் நோக்க உரையை, விண்ணப்பங்களைப் படிக்கும் நாங்கள் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவோம்.

விண்ணப்பக் கட்டணம், சான்றளித்த நகல், மொழித்தேர்வு மதிப்பெண் எல்லாம் கேட்பார்கள்; எந்தச் சுவடியைப் படித்தீர்கள் என்று கேட்கும் ஒரு கட்டத்தை எந்தப் படிவத்திலும் நான் பார்த்ததில்லை. வருடக்கணக்காக இதைச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் அந்த மின்னஞ்சலில் நீங்களாகவே சொல்லுங்கள். 359-இன் எல்லாப் பக்கங்களும் இணையத்தில் இலவசம்.

பண விஷயம்: முனைவர் படிப்புக்கு உதவித்தொகை கிடைக்கும் வாய்ப்பு முதுகலையைவிட அதிகம். கடன் வாங்குமுன் விசாரியுங்கள்.

ஏஜென்சியிடம் மூலச் சான்றிதழ்களைக் கொடுத்திருந்தால் இன்றே போய் வாங்கிவிடுங்கள்.