சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்: டாட் காம் அல்லாத டொமைன்களில் முதலீடு செய்யலாமா?

கேள்வி: சென்ற ஆண்டு ஒரு தள்ளுபடி விற்பனையில் டாட் எக்ஸ்ஒய்இசட், டாட் ஆன்லைன், டாட் ஷாப், டாட் ஸ்டோர் ஆகிய பின்னொட்டுகளில் 60 டொமைன் பெயர்களை (இணைய முகவரிகளை), மறுவிற்பனைக்காக, பெயர் ஒன்றுக்கு 149 ரூபாய் வீதம் வாங்கினேன். இதுவரை ஒன்றுகூட விற்கவில்லை. இப்போது புதுப்பிக்கச் சொல்லி வந்திருக்கும் மின்னஞ்சலில், வரி உட்படப் பெயருக்குச் சராசரியாக 2,400 ரூபாய் கேட்கிறார்கள். புதுப்பிக்கலாமா? அல்லது கையில் இருக்கும் 2 லட்சம் ரூபாயை டாட் ஏஐ பெயர்களில் போடலாமா? ஒருமுறை பணம் கட்டினால் போதும், புதுப்பிக்கவே வேண்டாம் என்று சொல்லப்படும் பிளாக்செயின் டொமைன்கள், அதாவது கிரிப்டோ நாணயங்களுக்கான பதிவேட்டில் பதியப்படும் பெயர்கள், நல்லவையா? என்னிடம் உள்ள பெயர்களின் பட்டியலை இணைத்திருக்கிறேன்.
- ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 60 பெயர்களுக்கு முதல் ஆண்டில் நீங்கள் கொடுத்தது 8,940 ரூபாய். அவை அனைத்தையும் புதுப்பித்தால் 1,44,000 ரூபாய். அடுத்த ஆண்டும் புதுப்பித்தால் மூன்றாண்டுச் செலவு 2,96,940 ரூபாய். டாட் காம் பெயர்களிலேயே ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ விற்றால் நல்ல விற்பனை என்பது இத்தொழிலில் இருப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. புதிய பின்னொட்டுகளில் அது இன்னும் குறையும். தாராளமாக நூற்றுக்கு ஒன்று என்றே வைத்தாலும், மூன்றாண்டில் உங்களுக்கு இரண்டு பெயர்கூட முழுமையாக விற்காது. இரண்டு விற்றதாகவே கொள்வோம். விற்பனைத் தளத்தின் தரகு 20 சதவீதம் என்றால், போட்ட பணம் திரும்பி வருவதற்கே ஒவ்வொன்றையும் 1,85,000 ரூபாய்க்கு மேல் விற்றாக வேண்டும். உங்கள் பட்டியலில் அந்த விலைக்குப் போகக்கூடிய இரண்டு பெயர்கள் எவை என்று உங்களால் விரல் வைத்துக் காட்ட முடிந்தால் மட்டுமே மேற்கொண்டு பேசப் பொருள் இருக்கிறது.

149 எப்படி 2,400 ஆகிறது என்பதைப் புரிந்துகொள்ள, ஒரு பின்னொட்டு யாருடையது என்று பார்க்க வேண்டும். நீங்கள் பணம் கட்டிய நிறுவனம் வெறும் பதிவாளர்தான், அதாவது சில்லறை வியாபாரி. அவருக்குப் பின்னால் அந்தப் பின்னொட்டையே நடத்தும் பதிவகம் ஒன்று மொத்த விலையை வைக்கிறது. இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 2012ஆம் ஆண்டு புதிய பின்னொட்டுகளுக்கு விண்ணப்பம் கோரியபோது 1,930 விண்ணப்பங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 1,85,000 டாலர். அவ்வளவு பணம் போட்டவர்கள் முதலாண்டில் பெயர்களை வாரியிறைத்து, இரண்டாம் ஆண்டிலிருந்து வாடகை வாங்குவது வியாபார இயல்பு. டாட் காமின் பதிவகமான வெரிசைன் நிறுவனம் அதன் மொத்த விலையை எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கு ஒப்பந்தத்தில் உச்சவரம்பு உண்டு. 2024 செப்டம்பரில் அந்த மொத்த விலை 10.26 டாலராக உயர்ந்தது. புதிய பின்னொட்டுகளுக்கு அப்படி எந்த வரம்பும் இல்லை. புதுப்பித்தல் விலையை உயர்த்துவதற்கு 180 நாட்களுக்கு முன்பு பதிவாளர்களுக்கு அறிவிக்க வேண்டும், அதற்குள் விரும்புகிறவர் பழைய விலையிலேயே பத்தாண்டுகள் வரை முன்கூட்டிப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்பதே அங்கே கிடைக்கும் பாதுகாப்பு. 2017இல் யூனிரெஜிஸ்ட்ரி நிறுவனம் தன் பின்னொட்டுகள் சிலவற்றின் விலையைப் பல மடங்கு உயர்த்தப்போவதாக அறிவித்தபோது, கோடாடி போன்ற பெரிய பதிவாளரே அவற்றைப் புதிதாக விற்பதை நிறுத்திக்கொண்டது.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. ஒரே பின்னொட்டில் எல்லாப் பெயர்களுக்கும் ஒரே புதுப்பித்தல் விலை என்ற விதி, ‘பிரீமியம்’ என்று முத்திரை குத்தப்பட்ட பெயர்களுக்குப் பொருந்தாது. வாங்கும்போதே நீங்கள் அதற்கு ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. சில ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படி ஒரு பெயரை வாங்கினேன். கார்ட் பக்கத்தில் விலை கொட்டை எழுத்தில் பச்சையாக இருந்தது. அதற்குக் கீழே, வெளிறிய சாம்பல் நிறத்தில், ‘அடுத்த ஆண்டு முதல்’ என்று தொடங்கும் ஒரு வரியில் இருந்த தொகை அதைப் போல இருபது மடங்கு. கைப்பேசித் திரையில் அந்த வரி கண்ணிலேயே படவில்லை. அன்றிலிருந்து கணினியில் அல்லாமல் நான் டொமைன் வாங்குவதில்லை.

இனி உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். புதிய பின்னொட்டுப் பெயர் ஒன்று நல்ல விலைக்குப் போக வேண்டுமானால், புள்ளிக்கு இருபுறமும் உள்ள சொற்கள் சேர்ந்து மக்கள் இயல்பாகச் சொல்லும் ஒரே தொடராக அமைய வேண்டும். 2018இல் ‘வெகேஷன் டாட் ரென்டல்ஸ்’ 5,00,300 டாலருக்கு விற்றதற்குக் காரணம், விடுமுறைக்கால வாடகை வீடுகள் என்ற மாபெரும் வியாபாரத்தின் பெயர், புள்ளியைத் தவிர வேறெதையும் கூட்டாமல், அப்படியே அதில் அமைந்துவிட்டதுதான். உங்களிடம் உள்ளவற்றில் ‘பெஸ்ட் கோவை சாரி ஹப் டாட் ஸ்டோர்’ போல நான்கைந்து சொற்களைக் கோத்தவை முப்பதுக்கும் மேல் இருக்கின்றன. ஒரு கடைக்காரர் இதைத் தொலைபேசியில் வாடிக்கையாளருக்குச் சொல்வதாக நினைத்துப் பாருங்கள். ‘டாட் ஸ்டோர்’ என்று முடித்ததும் மறுமுனையில் ‘ஸ்டோர் டாட் காமா சார்?’ என்ற கேள்வி வரும். ‘இல்லைங்க, டாட் காம் கிடையாது’ என்று நாளுக்குப் பத்து முறை விளக்க வேண்டிய பெயரை லட்சம் கொடுத்து யாரும் வாங்கமாட்டார்கள். கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட் 2015இல் ‘ஏபிசி டாட் எக்ஸ்ஒய்இசட்’ முகவரியை எடுத்துக்கொண்டதைக் காட்டி அந்தப் பின்னொட்டை விற்கிறார்கள். ஏபிசி என்பது மூன்றே எழுத்துகள், அவையும் எக்ஸ்ஒய்இசட்டும் அகரவரிசையின் இரு முனைகள். அந்தப் பொருத்தம் நம் பட்டியலுக்கு வராது.

பட்டியலில் ஒரு பிரபல கைப்பேசி நிறுவனத்தின் பெயர் கலந்த நான்கும் இருக்கின்றன. அவற்றை உடனே விட்டுவிடுங்கள். வர்த்தக முத்திரை உரிமையாளர் 1999 முதல் நடைமுறையில் இருக்கும் யுடிஆர்பி நடுவர் முறையின்கீழ் முறையிட்டுப் பெயரைத் தம்மிடம் மாற்றிக்கொள்ளலாம். அந்த உரிமையாளருக்கே நல்ல விலைக்கு விற்கும் நோக்கத்தோடு பதிவு செய்ததையே அங்கே தீய எண்ணத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்வார்கள்.

டாட் ஏஐ பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அது செயற்கை நுண்ணறிவுக்காக உருவாக்கப்பட்டதன்று. கரீபியக் கடலில் உள்ள அங்குயிலா என்ற பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியின் நாட்டுக் குறியீடு. சுமார் 16,000 பேர் வாழும் அந்தத் தீவின் அரசு வருவாயில் 2023இல் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்தப் பெயர் விற்பனையிலிருந்து வந்தது. புதிய பின்னொட்டுகளோடு ஒப்பிட்டால் இங்கே உண்மையில் காசு வைத்திருக்கும் வாங்குவோர் இருக்கிறார்கள் என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்குப் பணம் கட்ட வேண்டும். ஒரு சொல்லில் அமைந்த நல்ல பெயர்கள் எப்போதோ போய்விட்டன. 2 லட்சத்தில் கிடைப்பவை பெரும்பாலும் பிறர் கழித்தவை. பதினைந்து பெயர்களாக வாங்குவதைவிட, கைவிடப்பட்ட பெயர்களின் ஏலத்தில் பொறுமையாகக் காத்திருந்து ஒன்றோ இரண்டோ எடுப்பதே நான் சொல்லக்கூடியது. தொகை மொத்தமாகப் போனாலும் குடும்பச் செலவு பாதிக்காது என்றால் மட்டும் அதையும் செய்யுங்கள்.

நாட்டுக் குறியீட்டுப் பின்னொட்டுகளில் விலையையும் விதியையும் அந்தந்த நாடே வைக்கிறது என்பதை மறக்கக்கூடாது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதும், அங்கிருந்து டாட் ஈயூ வைத்திருந்தவர்களில் ஏராளமானோரின் பெயர்கள் 2021 ஜனவரியில் முடக்கப்பட்டன. மென்பொருள் நிறுவனங்கள் விரும்பும் டாட் ஐஓ, இந்தியப் பெருங்கடலில் சாகோஸ் தீவுகள் அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதிக்கு உரியது. அத்தீவுகளின் இறையாண்மையை மொரீஷியஸுக்கு ஒப்படைக்கும் உடன்படிக்கை 2025 மே மாதம் கையெழுத்தானது. ஐஓ என்ற குறியீடு சர்வதேசப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டாலும், பின்னொட்டை மூட ஐந்து ஆண்டுகளும், நீட்டித்தால் பத்து ஆண்டுகள் வரையும் அவகாசம் தர விதி இருப்பதால், இப்போதே பதற வேண்டியதில்லை.

பிளாக்செயின் பெயர்களை டொமைன் என்று அழைப்பதே எனக்கு உடன்பாடில்லை. டாட் கிரிப்டோ போன்றவை ஐகான் நிர்வகிக்கும் மூலப் பட்டியலில் இல்லை. சாதாரண உலாவியில் தட்டினால் பெரும்பாலும் எதுவும் திறக்காது. 2022இல், இத்தகைய பெயர்களை விற்கும் அன்ஸ்டாப்பபிள் டொமைன்ஸ் நிறுவனம், அதே பின்னொட்டை இன்னொரு திட்டம் முன்னரே பயன்படுத்திவந்தது தெரிந்ததும், தான் விற்ற டாட் காயின் பெயர்களைக் கைவிட்டது. புதுப்பித்தல் கட்டணம் இல்லை என்பது உண்மையாகவே இருந்தாலும், வாசல் இல்லாத வீட்டுக்கு வரி இல்லை என்று மகிழ்வதில் என்ன இருக்கிறது? அவற்றிலும் டாட் ஈத் போன்றவற்றுக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு.

தமிழிலேயே அமைந்த .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் பின்னொட்டுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சொந்தத் தளத்துக்கு மனநிறைவோடு எடுத்துக்கொள்ளலாம், மறுவிற்பனைக்கு வேண்டாம். தமிழ் எழுத்து முகவரியை ஏற்க மறுக்கும் மின்னஞ்சல் படிவங்கள் இன்னும் பல இருக்கின்றன.

ஆக, செய்ய வேண்டியது இது. 60இல் நான் குறித்து அனுப்பியிருக்கும் இரண்டு டாட் ஷாப் பெயர்களை மட்டும் ஓராண்டுக்குப் புதுப்பியுங்கள். இரண்டும் ஒற்றைச் சொல், இரண்டுமே மக்கள் தேடி வாங்கும் பொருள். மற்ற 58 பெயர்களுக்கும் தானியங்கிப் புதுப்பித்தலை இன்றே அணைத்துவிடுங்கள். சில பதிவாளர்கள் காலாவதி நாளுக்குச் சில வாரங்கள் முன்பே அட்டையிலிருந்து பணத்தை எடுத்துவிடுவார்கள். காலாவதியான பிறகு சலுகைக் காலம் ஒன்றும், அதன்பின் 30 நாள் மீட்புக் காலமும் உண்டு. மீட்புக் காலத்தில் தனிக் கட்டணம் கேட்டு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் வரும். அவற்றுக்கு மசிய வேண்டாம். அதற்கடுத்த 5 நாட்களில் பெயர் பொதுவுக்கு வந்துவிடும். விட்ட பெயர்களில் ஏதேனும் ஒன்று பிறகும் மனத்தை அரித்துக்கொண்டே இருந்தால், அன்றைக்குத் தேடிப் பாருங்கள். அநேகமாக அது முதலாண்டுச் சலுகை விலையிலேயே மறுபடி காத்திருக்கும்.