‘வீட்டுக்குப் போகப் பயமா இருக்கு டீச்சர்’: யாரிடம் சொல்வது, சொன்னால் என்ன நடக்கும்?

கேள்வி: நான் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. என் ஆறாம் வகுப்பில் ஒரு சிறுமி. அப்பா இல்லை. அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். மாதம் ஒருமுறை வருவார். பிள்ளை எங்கள் ஊரில் சித்தப்பா வீட்டில் இருக்கிறாள். மூன்று மாதமாக வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வருவதில்லை. போன வாரம் முழங்கைக்கு மேல் சூடு பட்ட தழும்பு பார்த்தேன். என்ன ஆச்சு என்றதற்கு ‘சித்தப்பா’ என்று மட்டும் சொன்னாள். நேற்று மணி அடித்த பிறகும் பையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். ‘வீட்டுக்குப் போகப் பயமா இருக்கு டீச்சர்’ என்றாள். தலைமையாசிரியரிடம் சொன்னால், ‘நமக்கெதுக்கு வம்பு, அவங்கம்மா வரட்டும்’ என்கிறார். 1098, போலீஸ், குழந்தைகள் நலக் குழு, கலெக்டர் ஆபீஸ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஓரிடத்தில் சொன்னால் மற்றவர்களுக்குப் போய்ச் சேருமா? பிள்ளையை ஹோமில் போட்டுவிடுவார்களா? என் பெயர் வெளியே வருமா?

பதில்: முதலில் 1098-ஐக் கூப்பிடுங்கள். மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

குழந்தைகளுக்கான உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. 1996-இல் மும்பையில் தொடங்கியது. பல வருடம் தொண்டு நிறுவனங்கள் வழியாக நடந்தது. 2023-இல் அரசே கையில் எடுத்து 112 அவசர எண்ணோடு இணைக்கத் தொடங்கியது. பள்ளி நேரத்திலேயே அழையுங்கள். பிள்ளை உங்கள் கண்முன் இருக்கும்போது ஆள் வந்தால், சித்தப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருக்காமல் அவளால் பேச முடியும். அவள் இப்போது எங்கே இருக்கிறாள், எத்தனை மணிக்குக் கிளம்புவாள், வீட்டில் யார் யார் இருப்பார்கள், வேறு சின்னப் பிள்ளைகள் அங்கே உண்டா, அம்மாவின் போன் எண் என்ன? இவற்றைக் கையில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். இன்று ராத்திரியே ஏதாவது ஆகிவிடும் என்று தோன்றினால் 112.

‘உறுதியாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது?’ என்று எல்லா ஆசிரியர்களும் கேட்பார்கள். உறுதி செய்வது உங்கள் வேலை இல்லை. நீங்கள் விசாரிக்கப் போனால் காரியம் கெடும். குழந்தைகள் நலக் குழுவில் இருந்த காலத்தில் நான் அதிகம் வருத்தப்பட்டது இதற்காகத்தான். நல்ல மனசோடு ஒரு டீச்சர் கேட்பார், அடுத்து ஹெச்.எம். கேட்பார், பிறகு வார்டு உறுப்பினர் வந்து ‘சொல்லும்மா’ என்பார். எங்களிடம் வந்து சேரும்போது பிள்ளை அதே கதையை ஐந்தாவது தடவை சொல்லிக்கொண்டிருக்கும்; ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்று மாறியிருக்கும். பின்னாளில் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வது அந்த மாற்றத்தைத்தான். அவளாகச் சொன்னதைக் கேளுங்கள், மேலே தோண்டாதீர்கள். போனில் வீடியோ எடுக்காதீர்கள். சித்தப்பாவைக் கூப்பிட்டுக் கண்டிக்கவே கண்டிக்காதீர்கள். அன்று மாலை அதற்கான கணக்கு அவள் உடம்பில்தான் தீர்க்கப்படும்.

இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். தேதி, நேரம், பார்த்தது, கேட்டது. ‘மாணவி கொடுமைக்கு உள்ளாகிறாள் எனத் தெரிகிறது’ என்று எழுதினால் அது உங்கள் ஊகம். ‘இடது கையில், முழங்கைக்கு மேல், விரல் நீளத் தழும்பு. கேட்டதற்கு “சித்தப்பா” என்றாள்’ என்று எழுதினால் அது சாட்சியம். அவள் வாயில் வந்த சொல் அப்படியே இருக்கட்டும். வருகைப் பதிவேட்டின் அந்த மூன்று மாதப் பக்கங்களுக்கு ஒரு நகல் எடுங்கள். வாரத்தில் எந்தக் கிழமைகளில் வரவில்லை என்பதே சில சமயம் பெரிய துப்பு.

இனி, ஆளுக்கொன்று சொல்கிறார்களே, அந்த இடங்கள். எல்லாமே சரிதான், ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு. ஓடியாடி வேலை பார்ப்பது மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. அங்கே ஒரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரும், வீடு தேடிப் போய்ப் பார்க்கும் சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். மாவட்ட ஆட்சியரின் மேற்பார்வையில் நடப்பதால்தான் உங்களுக்குக் ‘கலெக்டர் ஆபீஸ்’ என்று சொல்லியிருக்கிறார்கள். முடிவெடுப்பது குழந்தைகள் நலக் குழு. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பேர்தான் குழு, 2015-ஆம் வருட இளைஞர் நீதிச் சட்டப்படி அதற்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்குரிய அதிகாரம் உண்டு. மீட்கப்பட்ட பிள்ளையைப் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் அதன் முன் கொண்டுவந்தாக வேண்டும். குழு கூடாத நாளென்றால் ஓர் உறுப்பினர் முன்னால் கொண்டுபோனாலும் போதும். காவல் துறை குற்றத்தைப் பார்க்கும். ஒவ்வொரு நிலையத்திலும், உதவி ஆய்வாளருக்கு ஒரு படி கீழான துணை உதவி ஆய்வாளர் (ஏ.எஸ்.ஐ.) நிலைக்குக் குறையாத ஒருவரைக் குழந்தை நலக் காவல் அலுவலராகக் குறித்திருப்பார்கள். நிலையத்துக்குப் போனால் அவர் யாரென்று கேளுங்கள். அரசு மருத்துவமனை தழும்பைப் பார்த்து ஏ.ஆர். காப்பி (காயத்தைப் பதியும் விபத்துப் பதிவேட்டின் நகல்) போடும், அது எத்தனை நாள் பழசு, எதனால் பட்டது என்பதற்கு அந்தக் காகிதம்தான் ஆதாரம். பொறுப்பில் இருப்பவரே பிள்ளையைத் துன்புறுத்துவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவில் வரும்: மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

ஓரிடத்தில் சொன்னால் மற்ற இடங்களுக்குப் போக வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஆனால் பிள்ளைகள் நழுவுவது அலுவலகங்களுக்கு உள்ளே இல்லை, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில். ஒரு சிறுவன் விஷயத்தில் பள்ளி காவல் நிலையத்தில் சொல்லிவிட்டு, அவர்கள் எங்களிடம் சொல்லியிருப்பார்கள் என்று இருந்துவிட்டது. நிலையமோ, பள்ளியே 1098-க்குப் பேசியிருக்கும் என்று நினைத்தது. எங்களுக்குத் தெரியவரும்போது பதினொரு நாள் ஓடிவிட்டது. யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆளாளுக்கு ஒரு துண்டு தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

அதனால் எங்கே சொன்னாலும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு நகருங்கள்: ‘இனி இந்தப் பிள்ளை யார் பொறுப்பு, அவர் பெயரும் எண்ணும் என்ன?’ 1098-இல் பேசினால் அழைப்பின் பதிவு எண்ணைக் கேட்டுக் குறியுங்கள். காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள், அல்லது முதல் தகவல் அறிக்கையின் நகல். இரண்டு நாளில் தகவல் இல்லையென்றால் நேராகப் பாதுகாப்பு அலகுக்கே பேசுங்கள். நச்சரிக்கிறேனோ என்று கூச்சப்படாதீர்கள். அப்படி நச்சரித்த டீச்சர்களின் பிள்ளைகள்தான் எங்களிடம் சீக்கிரம் வந்தார்கள்.

அம்மா திருப்பூரில் இருப்பது இங்கே இன்னொரு நழுவுமிடம். உங்கள் மாவட்டக் குழு, அந்த மாவட்ட அலகிடம் அம்மாவின் நிலைமை பற்றி அறிக்கை கேட்க வேண்டியிருக்கும். மாவட்ட எல்லையைத் தாண்டியதும் கோப்பு நத்தையாகிவிடும் என்பதை ஒளிக்க மாட்டேன். அம்மாவின் எண், வேலை செய்யும் இடம், தங்கியிருக்கும் விடுதி எல்லாம் முதல் நாளே கொடுத்துவிட்டால் பல நாட்கள் மிச்சம்.

ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதியதில் பாலியல் துன்புறுத்தலின் அறிகுறி எதுவும் இல்லை. ஆனால் அவள் பேசும்போது அப்படி ஏதாவது வந்தால், அல்லது உங்களுக்கே அந்தச் சந்தேகம் வலுத்தால், கதை வேறு. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி அதைக் காவல் துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம்; தலைமையாசிரியரிடம் சொன்னதோடு உங்கள் கடமை தீராது. மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழுள்ளவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் காவல் துறை குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். வாக்குமூலம் வாங்க வருபவர் சீருடையில் வரக் கூடாது. பிள்ளையை இரவில் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவரோடு ஒரே வீட்டில் பிள்ளை இருந்தால், அங்கிருந்து வெளியே எடுக்க வேண்டுமா என்பதைக் குழு மூன்று நாளில் முடிவு செய்யும்.

நாட்கணக்கில் வராததற்கு வேலைக்கு அனுப்புவது காரணமாக இருக்கலாம். அப்படியென்றால் தொழிலாளர் துறையும் உள்ளே வரும். 14 வயதுக்குள் வேலைக்கு வைப்பது குற்றம். அதையும் 1098-இலேயே சொல்லுங்கள், தனியாக அலைய வேண்டாம்.

ஹோம் பற்றிய பயம் ஊரெங்கும் இருக்கிறது, புரிகிறது. ஹோமில் சேர்ப்பது கடைசி வழி என்று சட்டமே சொல்கிறது. முதல் சில நாள் வரவேற்பு இல்லத்தில் இருக்க நேரலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் குழு முதலில் தேடுவது அம்மாவை. அடுத்து தாய்வழிப் பாட்டி, மாமா என்று உறவில் யாராவது பார்த்துக்கொள்ள முடியுமா என்று பார்க்கும். சமூக விசாரணை அறிக்கை 15 நாளில் வர வேண்டும், இறுதி உத்தரவு நான்கு மாதத்துக்குள். இந்த அம்மாவுக்குப் பிரச்சினை மனம் இல்லை, பணம்தான் என்றே தோன்றுகிறது. கணவரை இழந்தவரின் பிள்ளைக்கு ஒன்றிய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கேட்கலாம். ஆண்டு வருமான வரம்பு கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000. பனியன் கம்பெனிச் சம்பளம் இந்த வரம்பைத் தொட்டுக்கொண்டு நிற்கும் என்பது எனக்கும் தெரியும்; கிடைத்துவிடும் என்று அவரிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். விண்ணப்பம் பாதுகாப்பு அலகில். அம்மா வரும்போது அந்த வழியை மட்டும் காட்டிவிடுங்கள்.

உங்கள் பெயர். 1098-இல் பெயர் சொல்லாமலும் பேசலாம். பிள்ளையின் பெயரையோ பள்ளியையோ யாரும் வெளியிட முடியாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு அதைத் தண்டனைக்குரியதாக்குகிறது. இந்த விஷயம் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் ஏறக் கூடாது. ஆனால் வழக்கு என்று ஆனால் உங்களைச் சாட்சியாகக் கூப்பிடலாம். சின்ன ஊர், யார் சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்கவும் ஊகிப்பார்கள். இதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள். அலகிலிருந்து வருபவரிடம், பள்ளி தரப்பிலிருந்து வந்த தகவல் என்றே கோப்பில் இருக்கட்டும் என்று கேளுங்கள், முடிந்தவரை பார்த்துக்கொள்வார்கள்.

தலைமையாசிரியருக்கு ஒரு வரியில் எழுத்தில் கொடுங்கள், தேதி போட்டு: ‘இந்த மாணவி பற்றி இன்று 1098-க்குத் தகவல் தெரிவித்துள்ளேன்.’ அனுமதி கேட்டு எழுதாதீர்கள். அனுமதி தேவையில்லை.

பிறகு, அவள் உங்கள் வகுப்புக்கே திரும்பி வரலாம். அம்மாவோடு வேறு ஊருக்குப் போவதானால் மாற்றுச் சான்றிதழை இழுத்தடிக்காமல் கொடுக்கச் செய்யுங்கள். ஒரு சான்றிதழுக்காகப் பாதி வருடம் படிப்பை விட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இங்கேயே இருந்தால், மற்ற பிள்ளைகள் முன்னால் தனிக் கரிசனம் காட்டாதீர்கள். பழைய இடத்திலேயே உட்காரட்டும். அலகு மாதம் ஒருமுறை வந்து பார்க்கும், நீங்கள்தான் தினமும் பார்ப்பீர்கள். வராத நாட்களைக் குறித்து வாருங்கள். புதுசாக ஒரு தழும்பு தெரிந்தால் அதே பதிவு எண்ணைச் சொல்லி மறுபடியும் கூப்பிடுங்கள்.