ஒகேனக்கல்லில் மழையே இல்லாதபோது வெள்ளம் வருவது எப்படி முன்கூட்டியே தெரிகிறது?

விடை மேலே, கர்நாடகத்தில் இருக்கிறது. குடகு, கேரளத்தின் வயநாடு பக்கம் தென்மேற்குப் பருவமழை வலுத்தால் கிருஷ்ணராஜசாகர், கபினி அணைகள் நிரம்பும். அங்கே திறக்கும் தண்ணீர் இங்கே வந்து சேரப் பல மணி நேரம் ஆகும். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். எல்லையில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் காவிரியின் ஓட்டத்தைக் கனஅடிக் கணக்கில் அளக்கிறது. அந்த எண் ஏறினால் பரிசலுக்கும் அருவிக் குளியலுக்கும் மாவட்ட நிர்வாகம் தடை போடும். வெயில் அடிக்கிறதே என்று தயவுசெய்து இறங்காதீர்கள்.

ஆனால் எல்லா வெள்ளமும் இப்படிச் சொல்லிக்கொண்டு வராது. ஃபெஞ்சல் புயல் கரையேறி வலுவிழந்த பிறகும், 2024 டிசம்பர் 2ஆம் தேதி காலை வரையான 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ., தருமபுரி மாவட்டம் அரூரில் 33 செ.மீ. மழை கொட்டியது. 20 செ.மீ. தாண்டினாலே அதிகனமழை! ஊத்தங்கரையில் நிறுத்தியிருந்த வண்டிகளையே வெள்ளம் இழுத்துப் போனது. தலைக்கு மேலே பெய்யும் மழைக்கு வானிலை மையத்தின் எச்சரிக்கைதான் முதல் துணை. புயல் கடலோரத்துக்குத்தான் என்று நினைத்து நாம் அதை அலட்சியம் செய்கிறோம், அது எனக்குப் பெரிய வருத்தம். அப்புறம், 1077 என்ற மாவட்டப் பேரிடர் உதவி எண்ணை இப்போதே போனில் பதிந்து வையுங்கள்.